பேஸ் கிட்டார் பட்டியலில் ஜேம்ஸ் ஜேமர்சனுக்குப் பத்தாவது இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக், ஜாஸ் இசையின் தலைசிறந்த பத்து பேஸ் கலைஞர்கள் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாட்டுக்கு அடித்தளமாகக் கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற பேஸ்காரர்களுக்காக ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. ஜேகோ பஸ்டோரியஸ் முதலிடம், அடுத்து விக்டர் வூட்டன், ஃப்ளீ, ஜான் என்ட்விசில் என்று இறங்கி, போனால் போகிறதென்று பத்தாவதாக ஜேம்ஸ் ஜேமர்சன். சார்லஸ் மிங்கஸ் இல்லை, பால் சேம்பர்ஸ் இல்லை, கேரல் கே பெயரே இல்லை.

நான் திருச்சி வட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று மேடை ஏறிப் பிழைப்பவன். கட்டுரையாளர் எதை வைத்து வரிசை போட்டார் என்பது படித்தவுடனே தெரிந்துவிட்டது. விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, தனியாக விட்டால் எவ்வளவு நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறார், இவ்வளவுதான். பேஸ் கலைஞரைத் தனி ஆவர்த்தனத்தை வைத்து எடை போடக் கூடாது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் போட வேண்டும். என் கட்சி இதுதான். அந்தக் கணக்கில் ஜேமர்சனுக்கு மேலே வைக்க எனக்கு ஆள் தெரியவில்லை.

ஜேமர்சன் 1936-ல் தென் கரோலினாவில் பிறந்தவர். பதின்ம வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்து, பள்ளியில் டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும், ஆள் உயர வயலின் மாதிரியான வாத்தியம்) பிடித்தார். மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அந்த ஊரில் வெஸ்ட் கிராண்ட் புலவார் என்ற தெருவில், 2648 என்ற கதவு எண் கொண்ட சாதாரண வீட்டை வாங்கி ஸ்டுடியோ ஆக்கியிருந்தது. ஒலிப்பதிவு அறையின் கூரையிலிருந்து வயர்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் அங்கே வாசித்தவர்கள் அதைப் பாம்புக்குழி என்றே கூப்பிட்டார்கள். 1960களில் அந்தக் குழியிலிருந்து வெளியே வந்து உலகம் முழுக்க ஒலித்த பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் ஜேமர்சன்தான்.

அவர் கையில் இருந்தது 1962-ம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார். அதில் தட்டையாகச் சுற்றிய தடித்த லா பெல்லா கம்பிகள். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கார்வை நீளாமல் இருக்க, கம்பிகள் முடியும் இடத்தில் மூடிக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டு. வலது கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும்தான். டபுள் பேஸிலிருந்து வந்த பழக்கம் அது.

ஒரு விரலில் என்ன விசேஷம் என்று பேஸ் பழகாதவர்கள் கேட்கலாம். இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போட்டால் அடி சீராக விழும், வேகமும் வரும். எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பது அப்படித்தான். ஒற்றை விரல்காரர் மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்குப் போகும்போது அதே விரலை இழுத்துக்கொண்டே போவார். அப்போது ஒரு ஸ்வரம் அழுத்தமாக விழும், பக்கத்து ஸ்வரம் பாதி விழுங்கினாற்போல வரும். ஓர் அடி பெரியது, ஓர் அடி சிறியது. பாட்டுக்கு நடை அங்கேதான் பிறக்கிறது. நோட்டில் இதை எழுத முடியாது. எழுதி வைத்ததைப் பார்த்து ஸ்வரம் தப்பாமல் வாசிக்கிற பையன்களிடம்கூட அந்த நடை வராது.

1964-ல் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடிய 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் பேஸ் மட்டும் வருகிறது, இடைவெளி விட்டு விட்டு ஒரு சின்னச் சொற்கட்டு. அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ஸ ரி க ப த ஸ என்று ஏறுகிறது. நம் மோகனத்தின் ஆரோகணம்தான், ஒரு ஸ்வரம் மாற்றமில்லை. கேட்டவர்கள் எல்லோரும் முணுமுணுப்பது அந்தக் கிட்டாரை. ஆனால் கிட்டார் வருவதற்கு முன்பே உங்கள் தலை ஆடத் தொடங்கியிருக்கும். அதை ஆட்டி வைத்தவர் ஜேமர்சன். அப்புறம் 1968-ல் ஸ்டீவி வொண்டர் பாடிய 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்'. அதில் பேஸ் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஒவ்வொரு முறை அதே வரி வரும்போதும் வேறு வழியில் வந்து சேருகிறார், பாடகருக்குக் குறுக்கே மட்டும் ஓரிடத்திலும் நிற்பதில்லை. இவ்வளவு ஸ்வரங்களை வாசித்தும் பாடகரை மறைக்காமல் இருப்பது தனி ஆவர்த்தனத்தைவிடக் கடினம் என்று மேடையில் நின்ற யாரும் சொல்வார்கள்.

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை அவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டே வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்தாராம். அந்தக் கதையை ரசித்துச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் ரசிக்க ஒன்றுமில்லை. அதே குடிதான் 1983-ல், 47 வயதில் அவரைக் கொண்டுபோனது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1971-ல் வந்த அந்த ஆல்பத்தின் உறையில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர் முறையாக அச்சில் ஏறியது. அதில் 'ஒப்பற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்' என்று போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய பத்து வருடப் பாட்டுகளையெல்லாம் கேட்டவர்களுக்கு பேஸ் யார் என்று தெரியவே தெரியாது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறிவிட்டது. டெட்ராய்ட்டில் வாசித்துக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று.

பட்டியல் ஏன் இப்படித் தலைகீழாகிறது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. சாதாரண நாலு கம்பி பேஸில் அடிக்கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. மேலே வரும் துணை ஒலிகளை வைத்துக் காதுதான் மிச்சத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆனால் கட்டைவிரலால் கம்பியை அடிக்கிற ஸ்லாப்பும், கிட்டார் மாதிரி உச்சத்தில் ஓடுகிற சோலோவும் போனில் கணீரென்று கேட்கும். என்னிடம் பேஸ் பழக வருகிற பிள்ளைகள் காட்டுகிற வீடியோக்கள் எல்லாமே இந்த ரகம்தான். அவர்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேஸ் காதில் விழாத கருவியில் பேஸ் கேட்டுவிட்டுத் தரவரிசை போட்டால் ஜேமர்சன் பத்தாவதாகத்தான் வருவார்.

ஸ்லாப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கொண்டுவந்த லாரி கிரஹாம் வித்தை காட்டுவதற்காக அதைப் பிடிக்கவில்லை. தன் அம்மாவோடு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு டிரம்மர் இல்லை. பேஸ் டிரம்முக்குப் பதில் கட்டைவிரல் அடி, ஸ்னேர் டிரம்முக்குப் பதில் விரலால் இழுத்து விடும் கம்பி என்று தாளக்காரர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பாட்டுக்குத் தேவைப்பட்டது, செய்தார். கட்டுரையில் கிரஹாமுக்கு இடம் இல்லை, அவர் வழியில் வந்த இரண்டு பேருக்கு மேலிடம்!

ஜேகோவை நான் குறைத்துப் பேசவில்லை. ஃபெண்டர் ஜாஸ் பேஸின் கழுத்தில் ஸ்வர இடங்களைக் காட்டும் ஃப்ரெட் கம்பிகளைப் பிடுங்கி, பள்ளங்களை மரப் பசையால் நிரப்பி, படகுக்குப் பூசுகிற எபாக்ஸியைப் பூசி, மனிதக் குரல் மாதிரி கமகம் பேசும் ஒரு வாத்தியத்தைச் செய்துகொண்டவர் அவர். 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'டோனா லீ'யோடு தொடங்குகிறது. சாக்ஸபோன்காரர்களே திணறுகிற அந்த மெட்டை பேஸில் வாசிக்கிறார், துணைக்கு டான் அலியாஸின் காங்கா மேளம் மட்டும். அதைக் கேட்டு ஆடிப்போகாத பேஸ்காரர் கிடையாது. ஆனால் அவருடைய உயரம் எனக்குத் தெரிவது அங்கே அல்ல. அதே வருடம் ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா' ஆல்பத்தில் நாலு பாட்டுக்கு வாசித்திருக்கிறாரே, அங்கேதான். டிரம்ஸ் பெரிதாக இல்லை, கிட்டாரும் குரலும்தான். பாடகி ஒரு வரியைச் சொல்லி நிறுத்துகிற இடத்தில் ஜேகோ மெல்ல வழுக்கிக்கொண்டு ஒரு ஸ்வரத்துக்குப் போய் நிற்கிறார். அவ்வளவுதான். கட்டுரையில் 'ஹெஜிரா' பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அந்த ஜேகோவே யாரைக் கேட்டு வளர்ந்தார்? மேதை என்றாலும் அவர் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. ஃப்ளோரிடாவில் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளை இரவு முழுக்க வாசிக்கிற குழுக்களில் அடிபட்டு வந்தவர். ஜெர்ரி ஜெமட்டைத் தனக்கு வழிகாட்டி என்று கொண்டாடியவர். பி.பி. கிங்கின் 'த த்ரில் இஸ் கான்' பாட்டில் பேஸ் வாசித்தவர் அந்த ஜெமட். 1985-ல் ஜேகோ ஒரு பாட வீடியோ எடுத்தபோது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவரும் அவர்தான். வேர் எங்கே இருக்கிறது என்று ஜேகோவுக்கே தெரிந்திருந்தது. 1987-ல், 35 வயதில், ஒரு கிளப் வாசலில் அடிபட்டு அவர் செத்துப்போனதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பால் மெக்கார்ட்னியை ஆறாவதாக வைத்தது பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகளில் பேஸ் சுமார்தான்' என்று கட்டுரை சொல்வது நியாயம் இல்லை. லண்டனில் இ.எம்.ஐ. ஸ்டுடியோ பொறியாளர்களுக்கு ஒரு பயம் இருந்தது. பேஸ் ஓசை அதிகமானால் இசைத்தட்டில் ஊசி தாவிவிடும் என்று அதைக் குறைத்தே வெட்டினார்கள். அமெரிக்க ரெக்கார்டுகளில் பேஸ் முட்டிக்கொண்டு வருவதைக் கேட்டு மெக்கார்ட்னி இங்கே மட்டும் ஏன் இப்படி என்று நச்சரித்தார். 1966-ல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவின்போது ஜெஃப் எமெரிக் என்ற இளம் பொறியாளர் ஒரு ஒலிபெருக்கியையே மைக்காகத் திருப்பிப் போட்டு பேஸைப் பிடித்தார். அந்தத் தட்டின் மறுபக்கத்தில் உள்ள 'ரெய்ன்' பாட்டையும் சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். வாசித்தவர் முன்பும் நன்றாகத்தான் வாசித்தார், இப்போது நமக்குக் கேட்டது. தனக்கு முன்னோடி ஜேமர்சன் என்று மெக்கார்ட்னி பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆறாவது இடத்துக்காரர் கைகாட்டுகிற ஆளைப் பத்தாவதாக வைப்பது எப்படி?

என்ட்விசிலுக்கு நாலாவது இடம், சரி. த ஹூ குழுவின் பேஸ்காரர், 1965-லேயே 'மை ஜெனரேஷன்' பாட்டுக்கு நடுவில் பேஸ் சோலோ வைத்தவர். ஆனாலும் அவருடைய கிட்டார்காரரும் டிரம்மரும் காட்டாற்று வெள்ளமாக ஓடும்போது நகராமல் ஓரிடத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாரே, அதற்காக அந்த இடம் என்று எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

கேரல் கே விடுபட்டதுதான் எனக்குக் கோபமே. லாஸ் ஏஞ்சல்ஸில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பெண். 1963 வாக்கில் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். அதன் பிறகு அந்த ஊர் ஸ்டுடியோக்களில் அவர் இல்லாத நாள் அரிது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' பதிவுகளில் இருக்கிறார். 1968-ல் க்ளென் கேம்ப்பெல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' தொடங்குவதே அவர் பேஸில்தான். 'மிஷன் இம்பாசிபிள்' தொடரின் முகப்பு இசையில் கேட்கிற பேஸும் அவருடையது. அந்த இசையைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில்கூட இருக்காது. விரலை விட்டுவிட்டு, பிக் என்கிற சின்னத் தகட்டால் வாசித்ததால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக நின்றது. 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்ந்தெடுத்தபோது, 90 வயதில், எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பத்து பேர் பட்டியலில் ஒரு பெண்ணுக்குக்கூட இடம் இல்லை என்பதை எழுதியவர் ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

ஜாஸ் பற்றி. டபுள் பேஸுக்கும் எலெக்ட்ரிக் பேஸுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டதே எனக்கு ஒப்புதல் இல்லை. கம்பி வேறு, கை வலு வேறு, கேட்கிற இடமும் வேறு. போட்டதுதான் போட்டார், டபுள் பேஸ்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. ட்யூக் எலிங்டனின் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே 1939-ல் பேஸைப் பேசவைத்த ஜிம்மி பிளான்டன் 23 வயதில் காசநோயில் போனவர். அவருக்கு முன்னால் பேஸ் என்றால் டொம் டொம் என்று தாளம் போடுவதுதான் வேலை. அமெரிக்காவின் அர்கன்சா மாநில கவர்னர் ஃபாபஸின் நிறவெறியை நேரடியாகச் சாடி இசை எழுதிய மிங்கஸ், வாசிப்பவராகவும் இசையமைப்பாளராகவும் ஒருங்கே நின்றவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் வாசித்துக் கின்னஸில் ஏறிய ரான் கார்ட்டரையும் காணோம்.

ஜாஸ் பேஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பும் உங்கள் வாசகர்களுக்கு ஒரே ஒரு பாட்டைச் சொல்வேன். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'. நியூயார்க்கில் 1959 மார்ச் 2 அன்று பதிவானது. பியானோவும் பேஸும் சேர்ந்து தயங்கித் தயங்கி ஒரு முன்னுரை சொல்லும். அப்புறம் மெட்டை எடுப்பது யார்? ட்ரம்பெட் அல்ல, சாக்ஸபோன் அல்ல. பால் சேம்பர்ஸின் பேஸ். அவர் ஒரு சொல் சொல்ல, முதலில் பியானோவும் பிறகு காற்று வாத்தியங்களும் இரண்டே கார்டில் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) ஆமாம் போடுகின்றன. ஸ்வரங்கள் நம் கரகரப்ரியா ஸ்வரங்கள்தான். நடுவில் எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மட்டும் எல்லாம் அரை ஸ்வரம் மேலே ஏறிவிட்டு இறங்கும். மெட்டு முடிந்ததும் ட்ரம்பெட்டுக்கு வழி விட்டு சேம்பர்ஸ் நடக்கத் தொடங்குகிறார், அடிக்கு ஒரு ஸ்வரமாக, கடைசிவரை. மைல்ஸ், கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி என்று மூன்று பெரிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த நடையின் மேல் நின்றுதான் பேசுகிறார்கள். அப்போது சேம்பர்ஸுக்கு வயது 23.

அதற்கு நேர் எதிரான வழியில் போனவர் ஸ்காட் லஃபாரோ. பில் எவன்ஸின் பியானோவோடு அடிக்கு அடி நடக்காமல், கூடவே பேசிக்கொண்டு, சில நேரம் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டு வாசித்தார். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் அவர்கள் வாசித்தது பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் 6-ம் தேதி கார் விபத்தில் இறந்தார், 25 வயது. என் கட்சிக்கு அவர் விதிவிலக்கோ என்று யாராவது கேட்கலாம். இல்லை. அவ்வளவு பேசியும் எவன்ஸின் மெட்டு எங்கேயும் உடையவில்லை. அந்தக் குழுவுக்கு என்ன தேவையோ அதைத்தான் செய்தார்.

தமிழ் நாளிதழ் என்ற முறையில், நம் கஞ்சிரா வித்துவான் வி. செல்வகணேஷோடு சேர்ந்து ஆல்பங்கள் செய்த ஸ்வீடன் பேஸ்காரர் யோனாஸ் ஹெல்போர்க் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம். பட்டியலில் வேண்டாம், பெட்டிச் செய்தியாகவாவது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், பட்டியல்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. எங்கள் வேலையில் அது சோற்றைத் தொடுகிறது. விழா பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டுவது பேஸ்காரரை. 'கீபோர்டுக்காரரே இடது கையில பேஸ் வாசிச்சுக்குவார்' என்று ஒரு விழாக் கமிட்டி என் முகத்துக்கு நேரே சொல்லி, பேசிய கச்சேரியிலிருந்து என்னை மட்டும் நிறுத்தியது. இளையராஜாவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஊரில், பேஸ் எத்தனை அழகாக எழுதப்படலாம் என்று காது பழகிய ஊரில், இப்படிப் பேசுகிறார்கள். சோலோ வாசிக்கிறவர்தான் பெரிய பேஸ்காரர் என்று படிக்கிற கமிட்டிக்காரர், சோலோ இல்லாத கச்சேரிக்கு பேஸ் எதற்கு என்று கேட்கத்தானே செய்வார்?

என் வரிசையையும் எழுதிவிடுகிறேன், யாரும் சண்டைக்கு வரலாம். எலெக்ட்ரிக் பேஸில் ஜேமர்சன், ஜேகோ, மெக்கார்ட்னி, கேரல் கே, லாரி கிரஹாம். டபுள் பேஸில் மிங்கஸ், சேம்பர்ஸ், பிளான்டன், ரான் கார்ட்டர், லஃபாரோ. கட்டுரையாளர் மேலே சொன்ன பாட்டுகளை ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டுப் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் விக்டர் வூட்டனை இரண்டாவதாக வைத்ததற்கான காரணத்தை விரிவாக எழுதினால் மரியாதையோடு படிப்பேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை தோறும் புதுப் பாடல்களுக்கு விமர்சனம் போடுகிறீர்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களுக்குக் கீழே வாசித்தவர்கள் பெயரையும் போடுங்கள். ஆல்பங்களின் விவரக் குறிப்பில் இப்போது பல நேரம் அது கிடைக்கிறது. ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு பேஸ் கிட்டார் கலைஞர்,
பொன்மலை, திருச்சி.